ஆலைச் சங்கு நின்ற பிறகு



வாழ்க்கைக்குப் பயன்படும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எளிய தமிழில் பேச வேண்டும் என்பதுதான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இருக்கிற ஒரே நிபந்தனை என்று செயலாளர் சொன்னார். உளவியல் பாடம் நடத்தியே காலம் கழித்தவன் நான். அதனால் மகிழ்ச்சியைப் பற்றிப் பேசலாம் என்று முடிவு செய்தேன். பதவி உயர்வு வந்த அன்று, மகள் கல்யாணத்தன்று, புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று வருகிற மகிழ்ச்சி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நாள்களெல்லாம் கழிந்து, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கண் விழிக்கும்போது சிலருக்கு மனதில் ஒரு தெம்பு இருக்கிறது. சிலருக்கு அது இல்லை. இன்று நான் பேச வந்தது அந்தத் தெம்பைப் பற்றி. அது எங்கிருந்து வருகிறது, எப்படிப் போய்விடுகிறது, போனதை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மில் சங்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. இங்கே முதல் பஞ்சாலை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியில் வந்தது. 1932இல் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கிடைக்கத் தொடங்கிய பிறகு ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு சங்கு. ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்காக ஊதியதுதான், ஆனாலும் ஊரே அதைக் கேட்டு நடந்தது. உலை வைப்பதும் பிள்ளைகளை எழுப்புவதும் மாடு கறப்பதும் சங்குக் கணக்கில்தான். மில்லுக்குள் காலடி வைத்திராத பாட்டிக்குக்கூட எந்தச் சங்கு எந்த ஆலையுடையது என்று தெரியும். பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. கூலி போயிற்றே என்று நாம் பேசினோம், போராடினோம். பேச வேண்டியதும் போராட வேண்டியதும்தான். சங்கு போனதைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசவில்லை. சங்கோடு சேர்ந்து போனது என்ன என்று கூர்ந்து பார்த்தவர்கள் வேறொரு நாட்டில், வேறொரு துணி ஆலை ஊரில் இருந்தார்கள். பைகாரா மின்சாரம் வந்து இங்கே ஆலைகள் பெருகத் தொடங்கிய அதே காலத்தில்தான் அவர்கள் அங்கே மூடிய ஆலையின் வாசலில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊரின் பெயர் மரியன்தால். ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குத் தெற்கே இருக்கிறது. நூற்பு, நெசவு, அச்சு என்று எல்லாமே ஓர் ஆலைக்குள் நடந்தது. அந்த ஆலையை நம்பித்தான் ஊர். 1929 கோடையில் நூற்பு நின்றது. மற்றப் பிரிவுகளும் வரிசையாக நின்று, 1930 பிப்ரவரியில் நெசவும் நின்றது. ஊரில் 478 குடும்பங்கள். பெரும்பாலான வீடுகளில் வேலை போயிற்று. 1931 கடைசியில் வியன்னாவிலிருந்து ஓர் ஆய்வுக் குழு அங்கே போனது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் என்ற மூவர் அதில் முக்கியமானவர்கள். யஹோடாவுக்கு அப்போது 24 வயதுதான். 1933இல் அவர்களுடைய நூல் வெளிவந்தது. சமூக ஆராய்ச்சி படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

இதன் தொடக்கமே கவனிக்கத்தக்கது. லாசர்ஸ்ஃபெல்ட் முதலில் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை ஆராயத்தான் நினைத்திருந்தார். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ பவர், நாடே வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வைப் பற்றியா ஆராய்வது என்று கடிந்துகொண்டு, வேலையின்மையை ஆராயச் சொன்னார். அப்படித்தான் அவர்கள் அந்த ஊருக்குப் போனார்கள். கடைசியில் கண்டதோ ஓய்வைப் பற்றிய உண்மை.

அந்தக் குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரும் சும்மா வேடிக்கை பார்க்கிறவராக ஊருக்குள் இருக்கக் கூடாது, ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டே கவனிக்க வேண்டும். வியன்னாவில் பழந்துணி திரட்டி வந்து கொடுத்தார்கள், மருத்துவ ஆலோசனை நடத்தினார்கள், தையலுக்கு மாதிரி வரையக் கற்றுக்கொடுத்தார்கள். ஆய்வு செய்யப் போகிற மாணவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

அவர்கள் கண்டது என்ன? வேலை போனால் கையில் நேரம் வரும். நேரம் வந்தால் மனிதன் படிப்பான், தோட்டம் போடுவான், நண்பர்களைப் பார்ப்பான், பிள்ளைகளோடு விளையாடுவான் என்றுதான் நாம் நினைப்போம். ஆலை ஓடிய நாள்களில் அந்தத் தொழிலாளர்கள் அப்படித்தான் இருந்தார்கள். நாள் முழுக்க இயந்திரத்தோடு நின்றுவிட்டு, மாலையில் நாடகம் போட்டார்கள், கட்சிக் கூட்டம் நடத்தினார்கள், நூலகத்தில் புத்தகம் எடுத்தார்கள். ஆலை நின்ற பிறகு நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. முன்பு கட்டணம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஆனாலும் குறைந்தது. ஊரில் ஒரு பூங்கா இருந்தது. வேலை இருந்த காலத்தில் அழகாகப் பராமரிக்கப்பட்ட பூங்கா அது. இப்போது நடைபாதையில் களை மண்டி, புல்வெளி பாழாகிக் கிடந்தது. ஊரில் எல்லோருக்கும் நேரம் இருந்தது. பூங்காவைக் கவனிக்க ஒருவரும் இல்லை.

ஊர்க்காரர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, எழுந்தது முதல் படுத்தது வரை மணிக்கு மணி என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். ஆண்கள் எழுதிக் கொடுத்த தாள்களைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். எழுந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது, மதியம் சாப்பிட்டது, படுத்தது என்று மூன்று நான்கு நிகழ்ச்சிகள்தாம் அவற்றில் இருந்தன. நடுவில் கிடந்த மணி நேரங்களெல்லாம் என்ன ஆயின என்று எழுதியவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. இன்னொன்றையும் செய்தார்கள். நடுப்பகலில் பெரிய தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்தச் சிறு தூரத்துக்குள் இரண்டு தடவையாவது நின்றார்கள். நிற்காமல் போனவர் பத்தில் ஒருவர்தான். ஒருவருக்கும் அவசரம் இல்லை, போய்ச் சேர வேண்டிய இடமும் இல்லை. வீட்டில் மனைவிமார் ஒரு குறை சொன்னார்கள்: செய்ய ஒன்றுமில்லாத மனிதர் சாப்பாட்டு வேளைக்கு மட்டும் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை!

பெண்களின் கதை வேறு. அவர்களுக்கும் ஆலை வேலை போனதுதான். ஆனால் அடுப்பு, துணி, பிள்ளை, ஒட்டுப்போட வேண்டிய கிழிசல் என்று அவர்களுடைய நாள் நிரம்பியே இருந்தது. சம்பளம் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. தெருவில் அவர்கள் ஆண்களைவிட வேகமாக நடந்தார்கள். அவர்களில் பலர், இரட்டை வேலைதான், இருந்தாலும் ஆலை திறந்தால் மறுபடி போவோம் என்றார்கள். காசுக்காக மட்டுமில்லை, நாலு பேரைப் பார்க்கலாம் என்பதற்காகவும்தான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். மகிழ்ச்சிக்குப் பணம் முக்கியமில்லை என்று மேடையில் பேசுவது சுலபம். மரியன்தால் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. குடும்பங்களை மனநிலைப்படி பிரித்துப் பார்த்தபோது, தளராமல் இருந்த குடும்பங்களில் ஒரு பெரியவர் கணக்குக்கு மாதம் சராசரி 34 ஷில்லிங் இருந்தது. எல்லாவற்றையும் கைவிட்டு உட்கார்ந்துவிட்ட குடும்பங்களில் இருந்தது 19. ஐந்து ஷில்லிங் கூடுதல் குறைவு என்பது அந்த ஊரில் சர்க்கரை வாங்குவதா சாக்கரின் வாங்குவதா, பிள்ளையின் செருப்பைத் தைக்கக் கொடுப்பதா பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வதா என்ற வித்தியாசம். ஆகவே பழக்கவழக்கம் கூலிக்கு மாற்று ஆகாது. வறுமையில் இருப்பவரிடம் போய் அதிகாலையில் எழு, நன்றியோடு இரு என்று உபதேசம் செய்வது அறமும் ஆகாது. ஆனால் அந்த எண்களை வைத்துக்கொண்டே இன்னொரு கேள்வியும் கேட்கலாம். ஓய்வூதியம் மாதாமாதம் வங்கிக் கணக்கில் விழுகிற நம் வீட்டுப் பெரியவர்கள், போதிய சம்பாத்தியம் உள்ள நடுவயதுக்காரர்கள், ஏன் அதே மரியன்தால் தெருவில் நடக்கிறவர்களைப் போல ஆகிவிடுகிறார்கள்?

யஹோடா இப்படியொரு கேள்வியை வாழ்நாள் முழுக்கச் சுமந்தார். 1936இல் ஆஸ்திரியாவில் சிறைப்பட்டு, மறு ஆண்டு இங்கிலாந்துக்குப் போய், 2001இல் மறையும் வரை அங்கேதான் அதிகமும் வாழ்ந்தார். வேலை நமக்குக் கூலி தருகிறது, அதற்காகத்தான் போகிறோம். ஆனால் நாம் கேட்காமலே அது வேறு சிலவற்றையும் தருகிறது என்று 1980களில் எழுதினார். நாளுக்கு ஒரு நேர ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே நாலு பேர் பழக்கம், பலரும் சேர்ந்து செய்யும் காரியத்தில் ஒரு பங்கு, இன்னார் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம், சும்மா இருக்க விடாத ஒரு கட்டாயம். இவையெல்லாம் இலவசமாகக் கிடைத்தவை. அதனால் நாம் இவற்றைக் கணக்கில் வைப்பதே இல்லை. இழந்த பிறகுதான் தெரிகிறது.

தறிக்காரர்கள் இருக்கிற சபையில் சொல்வதால் இப்படிச் சொல்கிறேன்: பாவு இழுத்துக் கட்டியிருந்தால்தான் ஊடை ஓடும். நூல் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பாவு இல்லாமல் துணி வராது. நாளில் அசையாமல் நிற்கிற இரண்டு மூன்று வேளைகள்தாம் பாவு.

எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ரிங் ஃபிரேமில் வேலை. ஆலை மூடிக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கடன் அதிகமில்லை, மகன் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தான். முதல் ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கம் உடம்பில் இருந்ததால் இருட்டிலேயே விழித்துவிடுவார். எழுந்து, முகம் கழுவி, வாசல் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். தூக்குப்போசி சமையலறை மேல் பலகையில் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. மெல்ல மெல்ல விழிப்பதும் தள்ளிப்போனது, சவரம் செய்வது குறைந்தது, பேச்சு குறைந்தது. டாக்டரிடம் காட்டினார்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார்.

அவரை மீட்டது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. அடுத்த சந்தில் கண்புரை முற்றிப்போன முதியவர் ஒருவர், பழைய கார்டிங் மேஸ்திரி. பேப்பர் படிக்க முடியாமல் தவித்தார். ஒருநாள் இவரைக் கூப்பிட்டு மின்தடை அறிவிப்பு இருக்கிறதா பாருங்க தம்பி என்றார். இவர் பார்த்துச் சொன்னார். மறுநாளும் முதியவர் கூப்பிட்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. காலை ஏழு மணிக்குப் படிப்பகத்துத் திண்ணை. இவர் விரலை வரி வரியாக ஓட்டிக்கொண்டு சத்தமாகப் படிப்பார், மேஸ்திரி கண்ணை மூடிக் கேட்பார். நூல் விலை, பஞ்சு விலை, மின்தடை, மரண அறிவிப்பு, கடைசியில் தலையங்கம். கேட்பதற்கு இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். இவர் பத்து நிமிடம் தாமதித்தால் யாராவது வீட்டு வாசலில் வந்து நின்று, “என்னங்கண்ணா, இன்னைக்கு வரலீங்களா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் மருந்து என்று நான் நம்புகிறேன். கண் அறுவை முடிந்து மேஸ்திரிக்குப் பார்வை திரும்பியது. அதன் பிறகும் அவர் பேப்பரைத் தானாகப் படிக்கவில்லை. இவர் வந்து படிக்கட்டும் என்று மடித்து வைத்துக் காத்திருந்தார்.

யாரோ நம்மை ஒரு குறிப்பிட்ட வேளையில் எதிர்பார்க்கிறார்கள் என்பதுதான் இன்றைய என் பேச்சின் நடு இழை. நடைப்பயிற்சி நல்லது, தியானம் நல்லது, நல்ல தூக்கம் நல்லது. இவற்றை மறுக்க மாட்டேன். ஆனால் தனியாகத் தொடங்கிய நடைப்பயிற்சி மழைக்காலத்தில் நின்றுவிடுகிறது. முக்கு டீக்கடையில் ஒருவர் காத்திருக்கிற நடைப்பயிற்சி நிற்பதில்லை. உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான், மனதுக்கு இரண்டும் ஒன்றல்ல.

மனசு சரியாகட்டும், அப்புறம் வெளியே போகிறேன் என்று சொல்லாத வீடு உண்டா? சோர்ந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தோன்றும். ஆனால் மருத்துவ ஆராய்ச்சி இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. நம் நாட்டிலேயே, கோவாவில், விக்ரம் படேலும் சங்கத் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்களும் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர் அதில் சேர்ந்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் டாக்டர்கள் இல்லை, பட்டம் பெற்ற உளவியலாளர்களும் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண உள்ளூர்க்காரர்கள். ஆறு முதல் எட்டு அமர்வுகள். 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் 39 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் மீண்டவர்கள் 64 சதவீதம்.

அந்த அமர்வுகளில் செய்தது என்ன தெரியுமா? பிள்ளைப் பருவத்தைத் தோண்டவில்லை. நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், என்ன செய்தீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். எதைச் செய்தபோது கொஞ்சமாவது இலகுவாக இருந்தது என்று அவரையே கண்டுபிடிக்க வைத்தார்கள். அண்டை வீட்டாரைப் போய்ப் பார்ப்பது, நின்றுபோன சிறு வேலையை மறுபடி எடுப்பது என்று அவரவர் வாழ்க்கையிலிருந்தே ஒரு செயலைத் தேர்ந்து, என்று, எந்த வேளையில் என்று குறித்தார்கள். மனம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த வேளையில் அதைச் செய்வது. செயல் முன்னால் போகிறது, மனம் பின்னால் வருகிறது. மறுபடி சொல்கிறேன், இது கடுமையாகச் சோர்ந்தவர்களிடம் செய்து பார்த்த சோதனை. படுக்கையை விட்டு எழ முடியாத நிலையில் ஒருவர் வீட்டில் இருந்தால் அவருக்கு முதலில் மருத்துவர் வேண்டும். பழக்கத்தை மாற்று என்ற அறிவுரை அவருக்குக் கூடுதல் பாரம்தான்.

ஒரு செயல் வழக்கமாக வேரூன்ற எத்தனை நாள் ஆகும்? இருபத்தொரு நாள் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் பிடித்துக்கொண்டது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் வந்தது, உடற்பயிற்சி நாள் பிடித்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு வேறொன்று. நடுவில் ஒருநாள் தவறினால் குடி முழுகிவிடவில்லை. மறுநாள் தொடர்ந்தவர்களுக்கு வழக்கம் வேரூன்றத்தான் செய்தது. மாணவர்களே, மார்ச் மாதத்தில் கைவிட்ட புத்தாண்டுத் தீர்மானத்தை ஏப்ரலில் எடுத்துக்கொள்ள ஒரு தடையும் இல்லை.

முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற பழக்கம் நம் ஊருக்குப் புதிதல்ல. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்பதை நாமே சலித்துக்கொண்டோம். இப்போது அந்தத் தொல்லை இல்லை. எல்லோர் காதிலும் இயர்போன். சிகாகோவில் நிக்கலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரை அன்று பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார்கள், சிலரைத் தனியாக அமைதியாக இருக்கச் சொன்னார்கள். எது இனிமையாக இருக்கும் என்று வேறு சில பயணிகளிடம் முன்கூட்டிக் கேட்டபோது, தனிமைதான் என்றார்கள். நடந்தது நேர்மாறு. பேசியவர்களின் பயணமே இனிமையாக இருந்தது. நாம் பயப்படுவது ஒன்று, அங்கே இருப்பது வேறொன்று. காந்திபுரத்திலிருந்து திருப்பூர் போகிற பஸ்ஸில் நம் அம்மாக்கள் ஆராய்ச்சி இல்லாமலே இதை அறிந்திருந்தார்கள். இறங்கும்போது ஒரு ரசத்துக்கான பக்குவமோ ஒரு வரனுக்கான விலாசமோ அவர்கள் கையில் இருக்கும்.

நன்றி சொல்லும் வழக்கத்தைப் பற்றி இன்று நிறையப் பேசப்படுகிறது. நோட்டில் தினம் மூன்று நன்மைகளை எழுதுங்கள் என்கிறார்கள். எழுதுவது நல்லதுதான். ஆனால் சோன்யா லுபோமிர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் ஆறு வார காலம் செய்து பார்த்த ஒரு சோதனையில், வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது, வாரம் மூன்று தடவை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. கடமைக்கு எழுதினால் நன்றியும் தேய்ந்துபோகிறது. எல்லாவற்றையும் தினசரி ஆக்கிவிட வேண்டும் என்பதில்லை. சில வழக்கங்கள் வாரத்துக்கு உரியவை. அந்தக் காலத்துச் சந்தை நாளை நினைத்துப் பாருங்கள்.

வாரத்துக்கு உரிய வழக்கம் என்றதும் எனக்கு மகளிர் குழுக்கள் நினைவுக்கு வருகின்றன. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டமாகத் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் பிறகு தமிழகம் முழுக்கப் பரவின. கடன், வட்டி, சேமிப்பு என்றே அவற்றை நாம் அளக்கிறோம். ஒரு குழுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். சொன்ன நாள், சொன்ன நேரம். வட்டமாகப் பாயில் உட்கார்கிறார்கள். வருகைப் பதிவேடு கை மாறிப் போகிறது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தி எழுதுகிறார். வராதவர் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள், தெரியாவிட்டால் ஆள் அனுப்புகிறார்கள். பணம் எண்ணி முடித்த பிறகும் உடனே கலைவதில்லை. யஹோடா ஆலையில் கண்ட அத்தனையும் அந்தப் பாயில் இருக்கிறது: நேரம், நாலு பேர், பொதுக் காரியம், பெயர், கட்டாயம்.

பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஆண்களுக்குச் சொல்வதிலிருந்து மாறுபட்டது. ஓய்வு பெற்ற ஆணுக்கு நாளில் கட்டாயங்கள் போதவில்லை. வீட்டுப் பெண்ணுக்கோ கட்டாயங்கள் மட்டுமே இருக்கின்றன. கணவர் ஓய்வு பெற்ற அன்று மனைவி இரண்டாம் காபிக்கும் பதினொரு மணி மோருக்கும் கூடுதலாக எழ வேண்டியிருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் அவருக்கென்று இருந்த வீடும் பறிபோகிறது. அவருக்கு இன்னொரு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. வாரத்தில் இரண்டு மாலையாவது அவர் வெளியே போக வேண்டும், அந்த வேளையில் வீட்டுச் சமையல் வேறு யாருடைய பொறுப்பாகவாவது இருக்க வேண்டும். பஜனையோ நடையோ தையல் வகுப்போ தோழி வீட்டுத் திண்ணையோ, எதுவானாலும் சரி. முன்வரிசையில் இருக்கும் ஐயாமார்களே, வீட்டுக்கு வெளியே உங்களுக்கென்று ஒரு வேளையை ஏற்படுத்திக்கொள்வது உங்கள் மனைவிக்கும் செய்கிற உதவி.

கைப்பேசியைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை, பிள்ளைகள் தினமும் கேட்கிற பாட்டு அது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கைப்பேசியில் எந்த வேளையும் எந்த வேளையாகவும் இருக்கலாம். அதற்குக் காலை இல்லை, மாலை இல்லை, முடிவும் இல்லை. நீங்கள் இன்று வரவில்லையென்று அது யாரையும் அனுப்பி விசாரிக்காது. மரியன்தால் ஆண்களின் தாளில் இருந்த அந்த வெற்று மணி நேரங்கள் இன்று நம் பிள்ளைகளின் இரவில் இருக்கின்றன. அவை காலியாகத் தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதைவிட, மாலை ஆறு மணிக்குப் பிள்ளையை எதிர்பார்க்கிற ஒரு கபடி அணியோ, பாட்டு வகுப்போ, ஒரு தாத்தாவோ இருக்கும்படி செய்வது பலன் தரும்.

வாலிபர்கள் கேட்கலாம், நாளெல்லாம் ஒழுங்கு என்றால் சுதந்திரம் எங்கே என்று. நியாயமான கேள்வி. ஷிஃப்டு என்பது சுகமல்ல. பஞ்சுத் தூசியில் நுரையீரல் கெட்டவர்களை நான் அறிவேன். சங்கு ஊதியதற்காக ஏங்கிப் பாட்டெழுத நான் வரவில்லை. முதலாளி விதித்த ஒழுங்கு போனதில் வருத்தமில்லை. அந்த இடத்தில் நாமாக விரும்பி ஏற்கிற ஒழுங்கை நாம் வைக்கவில்லை என்பதுதான் என் கவலை. வைக்க முடியும் என்பதற்கு அந்தப் படிப்பகத்துத் திண்ணையும் அந்தப் பாயும் சாட்சி. ஆனால் இரண்டுக்கும் ஓர் இடம் தேவைப்பட்டது. இடமில்லாமல் வழக்கம் நிலைக்காது. நம் புதிய வீடுகளில் திண்ணை இல்லை, புதிய தெருக்களில் படிப்பகம் இல்லை. ஆலை நிலங்களில் எழுந்த அடுக்குமாடிகளில் காவலாளி இருக்கிறார், உட்கார ஒரு மரத்தடி இருப்பது அரிது.

அதனால் இந்தக் கல்லூரி நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் நூலகத்தின் தரைத்தளத்து வாசிப்பறைக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு இருக்கிறது. பூட்டியே இருக்கிறது. காலை ஏழு முதல் ஒன்பது வரை அந்தக் கதவைத் திறந்து, நாலு செய்தித்தாள் போட்டு, ஊர்ப் பெரியவர்களை வரவிடுங்கள். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இருவர் இருவராக அங்கே இருக்கட்டும். கண் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டட்டும், வங்கிப் படிவம் நிரப்பித் தரட்டும். வருகிறவர்கள் பெயரெழுத ஒரு நோட்டு வையுங்கள். இரண்டு நாள் ஒருவர் பெயர் அதில் விழாவிட்டால், மூன்றாம் நாள் மாணவர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் விசாரித்து வரட்டும். செய்தித்தாள் செலவை அறக்கட்டளை ஏற்கும் என்று அதன் பொறுப்பாளர்கள் சற்றுமுன் தேநீர் வேளையில் என்னிடம் ஒப்புக்கொண்டார்கள். முதல்வர் அவர்கள் சம்மதித்தால், வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம். முதல் வாரம் படித்துக் காட்ட நானே வருகிறேன்.